குவாதலூப்: முதல் பயணத்திலேயே மனம் பறிபோன தீவு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போன பிப்ரவரியில் நானும் மனைவியும் இரண்டு வாரம் குவாதலூப் போய்வந்தோம். எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். பதினெட்டு ஆண்டுகளாக பாரிஸ் புறநகரில் குடியிருக்கிறோம். கரீபியத் தீவு எதற்கும் அதற்கு முன் போனதில்லை. திரும்பி வந்ததிலிருந்து வாய் ஓயாமல் அந்தத் தீவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். உறவுக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குவாதலூப் எங்கே இருக்கிறது? தனி நாடா?

தனி நாடு இல்லை. கிழக்குக் கரீபியக் கடலில், தொமினிக்காவுக்கு வடக்கே இருக்கும் தீவுக்கூட்டம். 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து குடியேறினார்கள். 1946இலிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம். அதனால் அங்கே யூரோதான் செல்லும், அஞ்சல் பெட்டி மஞ்சள் நிறம், பள்ளிப் பாடம் பிரெஞ்சில். மக்கள்தொகை நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வரைபடத்தில் பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். கிழக்குச் சிறகு க்ராந்த்-தேர்: சுண்ணாம்புப் பாறை, கரும்புக் காடு, வெள்ளை மணல். மேற்குச் சிறகு பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, அருவி. நடுவில் ஒடுங்கலாக ஒரு கடல்கால்வாய் ஓடுகிறது, பாலத்தில் கடக்கலாம். பாஸ்-தேர் என்றால் 'தாழ்ந்த நிலம்', ஆனால் உயரமான மலையெல்லாம் அங்கேதான். காற்று மறைவான பக்கத்தை அந்தக் கால மாலுமிகள் 'தாழ்ந்த' என்று சொன்னதால் வந்த பெயர். ஐரோப்பியர்கள் வருவதற்கு முன் அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் கருக்கேரா. அழகிய நீர்களின் தீவு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். மழைக்காட்டுக்குள் ஒரு நாள் நடந்தால் போதும், பெயர் பொருத்தம் விளங்கிவிடும்.

உண்மையிலேயே முதல் பார்வையில் பிடித்துவிட்டதா?

முதல் இரவில் பிடித்தது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஈரக்காற்று முகத்தில் வந்து ஒட்டியது. பாரிஸ் குளிரில் ஏறிய எங்களுக்கு அந்த வியர்வையே சொந்த ஊர்போல இருந்தது. வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து விளக்கை அணைத்தால், வெளியே ஆயிரம் விசில் சத்தம். பூச்சி என்றுதான் நினைத்தேன். மறுநாள் வீட்டுக்கார அம்மா சொன்னபிறகுதான் தெரிந்தது, அத்தனையும் தவளை. கட்டைவிரல் நுனி அளவே இருக்கும் சின்னத் தவளை, மரத்தில் வாழ்வது. இருட்டினால் தொடங்கி விடியும்வரை நிறுத்தாது. மூன்றாம் நாளிலிருந்து அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்றாகிவிட்டது.

ஆனால் அது ஊரைப் பார்த்த மயக்கம். மனிதர்களிடம் மனம் போனது ஐந்தாம் நாள். கப்பெஸ்தேர் பக்கம் ஒரு ஒடுக்கமான சாலையில், எதிரே வந்த லாரிக்கு வழிவிடப் போய் எங்கள் காரின் முன்சக்கரம் ஓரத்துச் சாக்கடையில் இறங்கிவிட்டது. அங்கே மழை கொட்டுவதால் சாலையோரச் சாக்கடை முழங்கால் ஆழம் இருக்கும், மேலே மூடியும் இருக்காது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. கால்மணி நேரத்தில் பேருந்து ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவர் வேலைக்குப் போகும் வெள்ளைச் சட்டையில் இருந்தார். முதலில் "போன்ழூர்" சொன்னார்கள், என் மனைவிக்கும் தனியாகச் சொன்னார்கள். அப்புறம் பம்பருக்கடியில் கைகொடுத்து, மூன்று எண்ணி, காரைத் தூக்கிச் சாலையில் வைத்தார்கள். நன்றி சொல்ல நான் வார்த்தை தேடுவதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் "பா நி ப்ரோப்லெம்" என்று சொல்லி, கையில் பட்ட சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் போய்விட்டார். பேருந்தில் இருந்த அத்தனை பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஓட்டுநர் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

அங்கே போகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

வணக்கம் சொல்வது. கடைக்குள் நுழைந்தால், பேருந்தில் ஏறினால், மருந்தகத்தில் வரிசையில் நின்றால், அங்கிருக்கும் எல்லோருக்கும் பொதுவாக "போன்ழூர்" சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே விலை கேட்டால் முகம் இறுகிவிடும். பாரிஸ் பழக்கத்தில் முதல் நாள் ரொட்டிக் கடையில் நானும் அப்படித்தான் கேட்டேன். கடைக்காரப் பெண் பதில் சொல்லாமல் என்னையே பார்த்து, மெதுவாக "போன்ழூர்" என்றார். புரிந்துகொண்டேன். திரும்பச் சொன்னதும் முகமே மாறிவிட்டது, சூடான ரொட்டியாகப் பார்த்து எடுத்துத் தந்தார்.

பிரெஞ்சு தெரிந்தால் சமாளிக்கலாம். தங்களுக்குள் பேசிக்கொள்வது கிரியோல் என்ற கலப்பு மொழி. "சா கா மாச்சே?" என்றால் "எப்படிப் போகிறது?" என்று அர்த்தம். இந்த ஒன்றைச் சொன்னாலே சிரிப்பு வரும். சுற்றுலா இடங்களுக்கு வெளியே ஆங்கிலம் அதிகம் உதவாது.

எந்தக் கடற்கரை நன்றாக இருக்கும்?

குளிக்க, குழந்தைகளோடு இருக்க, சேந்த்-ஆன் பக்கம் உள்ள கரவெல். ஆழம் குறைவு, அலை குறைவு, தென்னை நிழல் உண்டு. கூட்டமும் உண்டு. மணல் நீளமாக வேண்டும் என்றால் பாஸ்-தேரின் வடக்கே தெயே ஊருக்குப் பக்கத்தில் உள்ள க்ராந்த் ஆன்ஸ். மலாந்தூர் கடற்கரையில் மணல் கறுப்பு, எரிமலை மணல். எதிரே இருக்கும் பிழோன் குட்டித் தீவுகளைச் சுற்றிய கடல், கடலாய்வாளர் கூஸ்தோவின் பெயரால் பாதுகாக்கப்படுகிறது. கண்ணாடி மாட்டி முகத்தைத் தண்ணீரில் வைத்தால் போதும்: கடல் ஆமை ஒன்று புல் மேய்ந்துவிட்டு மூச்சு வாங்க மேலே வந்து, என்னைப் பற்றிக் கவலையே படாமல் திரும்பக் கீழே போனது. தொடாதீர்கள், கிட்டே போகாதீர்கள், மிதந்தபடி பாருங்கள்.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது குளிக்கவே முடியாத இடத்தில். க்ராந்த்-தேரின் கிழக்கு முனை, புவாந்த் தெ ஷாத்தோ. அட்லாண்டிக் அலை வந்து பாறையில் மோதி வீடுயரம் எழும்பும். அதற்கு அப்பால் ஆப்பிரிக்கா வரை வெறும் கடல்தான்.

ஒரு எச்சரிக்கை. கடற்கரையில் மான்செனியே என்றொரு மரம் இருக்கிறது. சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரிக் காய், பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். பால் பட்டால் தோல் வெந்துவிடும். மழைக்குக்கூட அதன் அடியில் ஒதுங்கக் கூடாது, இலையில் இருந்து சொட்டும் தண்ணீரே போதும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

எரிமலை ஏற முடியுமா?

முடியும். சூஃப்ரியேர், 1,467 மீட்டர். 'மஞ்சள் குளியல்' என்று சொல்லும் வெந்நீர்த் தொட்டியருகில் நடை தொடங்கும். முதலில் காட்டுப்பாதை, பிறகு புதரும் பாறையும். மேலே போகப் போக அழுகிய முட்டை நாற்றம், அது கந்தகப் புகை. உச்சியில் பெரும்பாலும் மேகம் மூடியே இருக்கும். எங்களுக்கும் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆனால் இறங்கும் வழியில் ஒரே ஒரு நிமிடம் மேகம் விலகி, காலுக்குக் கீழே பாஸ்-தேர் நகரமும் கடலும் பளிச்சென்று தெரிந்தன. மலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 1976இல் அது குமுறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். ஆகவே பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மழைச் சட்டை கட்டாயம்.

அங்கே நம்மவர்கள் இருக்கிறார்களாமே?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1848இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்களில் பலர் பழைய முதலாளியின் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பப் போகவில்லை. ஆள் தேடிய தோட்ட முதலாளிகள் நம் கரைக்கு வந்தார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூலிகளோடு புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். புதுச்சேரியிலும் எங்கள் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் போனார்கள். ஒப்பந்தம் முடிந்தால் திரும்பலாம் என்று காகிதத்தில் இருந்தது. திரும்பியவர்கள் குறைவு, நோயிலும் உழைப்பிலும் செத்தவர்கள் அதிகம்.

அவர்களுடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகள் இன்று அங்கே ஆசிரியர், மருத்துவர், விவசாயி, மேயர். கடைப் பலகைகளில் ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் கொஞ்சம் உருமாறி நிற்கும். கப்பெஸ்தேரில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம், அங்கேயே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கு வாக்குரிமையும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வேண்டும் என்று 1904இல் தொடங்கி 1923 வரை போராடி வென்றவர். காரைக்காலில் படித்த எனக்கு இவரைப் பற்றி ஒருவரும் சொல்லித் தரவில்லையே என்று அவ்வளவு வருத்தமாக இருந்தது.

அதே கப்பெஸ்தேரில், ஷான்ழி என்ற இடத்தில் சாலையோரமாக மாரியம்மன் கோயில் இருக்கிறது. பெயர் அங்கே 'மல்யேமென்'. மதுரை வீரனுக்கும் இடம் உண்டு. 'நாகுமிலா' என்று ஒரு சாமிக்குக் கொடிக்கம்பம் நட்டு வணங்குவார்கள் என்று கோயிலில் இருந்த பெரியவர் சொன்னபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. நாகூர் மீரா! எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத்தில் இருக்கும் தர்கா. கடலில் போகிறவர்களைக் காப்பவர் என்று நம்பி, கப்பல் ஏறியவர்கள் நெஞ்சில் சுமந்து போயிருக்கிறார்கள். இன்றும் கைவிடவில்லை.

தமிழ் பேசுவார்களா என்றால், இல்லை. பூசைப் பாட்டில் மட்டும் தமிழ் இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்து, காதால் கேட்டுப் பழகிப் பாடுகிறார்கள். அந்தப் பெரியவர் எனக்காக நான்கு வரி பாடினார். பாதிச் சொற்கள் எனக்குப் புரியவில்லை, ஆனால் 'தாயே' என்ற சொல் தேய்வே இல்லாமல் வந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'நம்மவர்கள்' என்று நாம் உரிமை கொண்டாடிக்கொண்டு போகக் கூடாது. அவர்கள் குவாதலூப்காரர்கள். அந்த மண்ணின் கிரியோல்தான் அவர்கள் மொழி, ஆப்பிரிக்க வழியினரோடு கலந்த குடும்பங்கள் எத்தனையோ. நம்மிடம் வந்து தமிழ் கற்கவில்லை, சடங்கு சரியில்லை என்று குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? ஒரு கடிதம்கூடப் போய்ச் சேராத தூரத்தில், நாம் மறந்துவிட்ட பிறகும், அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடு எப்படி?

தீவின் பெருமைக்குரிய உணவுகளில் ஒன்றின் பெயர் 'கொலொம்போ'. இலங்கைத் தலைநகரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் குழம்புதான் அப்படி ஆகியிருக்கிறது என்பார்கள். ஆட்டுக்கறியிலோ கோழியிலோ செய்து சோற்றோடு தருவார்கள்.

புவாந்த்-ஆ-பித்ர் நகரத்து மசாலாச் சந்தையில் கொலொம்போ பொடியைக் குவித்து விற்கிறார்கள். விற்பது பெரும்பாலும் வயதான பெண்கள். தலையில் கட்டம் போட்ட துணி கட்டியிருப்பார்கள், அந்தத் துணிக்கே 'மத்ராஸ்' என்று பெயர்; நம் சென்னைப் பக்கத்து நெசவு அங்கே போய் அவர்களுடைய விழா உடையாகிவிட்டது. எந்த வாடிக்கையாளரையும் "தூதூ" என்று கூப்பிடுவார்கள், 'கண்ணு' மாதிரி. ஒரு பாட்டி எனக்கு ஒரு சிட்டிகை பொடியை உள்ளங்கையில் போட்டு, முகர்ந்து பார் என்றார். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு. மிளகாய் வாசம் மட்டும் இல்லை. காரத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். குண்டு மிளகாய் ஒன்றை முழுசாகக் குழம்பில் மிதக்கவிட்டு, வெடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார். வெடித்துவிட்டால் யாரும் சாப்பிட முடியாதாம். எங்கள் ஊரில் இதைக் குழம்பு என்போம் என்று சொன்னேன். "குழம்பு, குழம்பு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். 'ழ' வரவில்லை, மற்றபடி அச்சாக அம்மா சொல்வது போலவே இருந்தது.

இன்னொன்று, கடற்கரையில் கையால் சுற்றும் தேங்காய் ஐஸ். மரவாளியில் பனிக்கட்டியும் உப்பும், நடுவில் தேங்காய்ப்பால் ஊற்றிய பாத்திரம். எலுமிச்சைத் தோலும் பட்டையும் வனிலாவும் சேர்த்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இறுகியதும் கரண்டியால் சுரண்டிக் கப்பில் தருவார்கள். தினமும் சாப்பிட்டேன்.

போக்கித் என்ற பொரித்த ரொட்டி பசிக்கு நல்லது, உள்ளே மீனோ கோழியோ முட்டையோ. அக்ரா என்பது உப்பு மீன் வடை. சைவக்காரர்களுக்குச் சௌசௌ, பரங்கி, சீமைப்பலா, வறுத்த பழவாழை உண்டு. ஆனால் கேட்டு வாங்க வேண்டும், கறி இல்லை என்று சொல்லிவிட்டு மீனைப் போட்டுவிடுவார்கள்.

அடிமைமுறை வரலாற்றைப் பார்க்க என்ன இருக்கிறது?

இதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். புவாந்த்-ஆ-பித்ரில் பழைய தர்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015இல் திறந்த மெமோரியல் ஆக்த் என்ற அடிமைமுறை நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. அரை நாள் ஒதுக்க வேண்டும். போகும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1794இல் பிரான்ஸ் இங்கே அடிமைமுறையை ஒழித்தது. எட்டே ஆண்டில் நெப்போலியன் படையை அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தார். எதிர்த்து நின்ற கர்னல் லூயி தெல்கிரெஸ், இனித் தப்ப வழியில்லை என்றானபோது, 1802 மே 28 அன்று மத்தூபாவில் தன் தோழர்களோடு வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்டார். சரணடையவில்லை. அந்த மலைச் சரிவில் இப்போது காய்கறித் தோட்டங்களும் ஓடைச் சத்தமும்தான்.

பெத்தி-கனால் என்ற ஊரில் கல் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. படிகளின் ஓரத்தில் யொரூபா, இபோ, கொங்கோ என்று ஆப்பிரிக்க இனங்களின் பெயர்கள். நாங்கள் போன மத்தியானம் அங்கே யாரும் இல்லை. பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமி மட்டும் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஏறினாள்.

குறையே இல்லையா?

இருக்கிறது. மிகப் பெரியது குளோர்தெக்கோன். வாழைத் தோட்டத்து வண்டுக்கு 1972 முதல் 1993 வரை அடித்த பூச்சிமருந்து. பிரான்சின் பெருநிலத்தில் 1990இல் தடைசெய்த பிறகும் இங்கே விலக்கு கொடுத்து அடித்தார்கள். மண்ணிலும் ஆற்றிலும் தங்கிவிட்டது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அதன் தடயம் இருக்கிறது. சில கரைகளில் மீன்பிடிக்கத் தடை. அழகிய நீர்களின் தீவில் இதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கார அம்மா தன் கொல்லையில் கிழங்கு போடுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான்.

மற்றபடி: விலைவாசி அதிகம், பெரும்பாலான பொருள் கப்பலில் வருகிறது. பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் அடிக்கடி நிற்கும். எங்கள் வீட்டிலும் இரண்டு நாள் வாளியில் பிடித்துவைத்துக் குளித்தோம், காரைக்கால் பழக்கம் கைகொடுத்தது. 2011இலிருந்து சர்காசோ என்ற பழுப்புக் கடற்பாசி அலையலையாக வந்து கிழக்கு, தெற்குக் கரைகளில் ஒதுங்கி அழுகுகிறது. அந்த நாட்களில் மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள்.

எப்போது, எப்படிப் போவது? விசா?

டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பிப்ரவரியில் போனால் திருவிழா ஊர்வலங்கள் கிடைக்கும்: ஞாயிறு மாலைகளில் தோல் மேளத்தோடு தெருவே நடக்கும். கோ கா என்ற அந்த ஊர் மேளக்கலையை யுனெஸ்கோ 2014இல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பாரிஸிலிருந்து நேரடி விமானம், எட்டரை ஒன்பது மணி நேரம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: தீவு ஷெங்கன் பகுதிக்குள் வராது. சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசா போதாது. பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லும் விசா என்று கேட்டு வாங்க வேண்டும். இதைத் தெரியாமல் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். அங்கே போனதும் கார் வாடகைக்கு எடுப்பது நல்லது, மாலையிலும் ஞாயிறன்றும் பேருந்தை நம்ப முடியாது.

பக்கத்துத் தீவுகள்?

ஒரு நாள் கிடைத்தால் லே சேந்த். படகில் போகலாம், இறங்கியதும் பெண்கள் கூடையில் 'காதல் வேதனை' என்று பெயருள்ள தேங்காய்ப் பணியாரம் விற்பார்கள். மரி-கலாந்துக்கு நாங்கள் போகவில்லை, நாள் போதவில்லை.

மறுபடி போவீர்களா?

அக்டோபர் கடைசிக்குச் சீட்டு எடுத்தாயிற்று. புயல் காலம்தான், தெரியும். நவம்பர் 1 அன்று மோர்ன்-ஆ-லோ ஊரில், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்த இரவில் அங்கே இருக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா அழைத்திருக்கிறார்.

கோடையில் ஊருக்குப் போனபோது கொலொம்போ பொடியை அம்மாவிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "வெந்தயம் நல்லா வறுத்திருக்காங்க" என்றாள். அன்று மத்தியானமே அதில் கோழிக் குழம்பு வைத்தாள், மிளகாயை முழுசாக மிதக்கவிட்டு. சாப்பிட்டு முடித்ததும், சந்தையில் இருக்கும் அந்தப் பாட்டிக்கு என்ன கொடுத்து அனுப்பலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது மொட்டைமாடியில் வடகம் காய்கிறது.